பதினாறு படுக்கை, ஒரு திரை

ஐசியு கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்க்கும் உறவினர்களுக்கு முதலில் கண்ணில் படுவது, நர்ஸ்கள் மேசைமேல் ஓயாமல் ஓடும் பச்சை, மஞ்சள், நீல அலைகள்தான். அதுதான் சென்ட்ரல் மானிட்டர். ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் உள்ள மானிட்டர் அனுப்புவதை ஒரே இடத்தில் அடுக்கிக் காட்டும் கணினி அது. ஒரு திரையில் 16 நோயாளிகள் தெரிவது சாதாரணம். ஓடிய அலைகளை எல்லாம் அது சேமித்தும் வைக்கும். நள்ளிரவில் நாலே துடிப்புக்கு வந்து போன கோளாறைக்கூட, காலை ரவுண்ட்ஸில் டாக்டர் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

விற்க வருபவர்கள் திரையின் அகலத்தையே பேசுவார்கள். பயோமெடிக்கல் பிரிவில் இருந்து அதை வருடக்கணக்கில் பராமரிக்கும் எனக்கோ, திரையைவிட நோயாளியின் மார்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில்தான் கண்.

அந்த ஸ்டிக்கர்தான் எலெக்ட்ரோடு. இதயம் துடிக்கும்போது தோல்மேல் கிடைக்கும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட். டார்ச் பேட்டரியில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைப் பிடிக்கத்தான் ஸ்டிக்கரின் நடுவில் ஈர ஜெல். பலருக்குத் தெரியாத ஒன்று: மூச்சை எண்ணவும் பெரும்பாலும் தனிக் கருவி கிடையாது. அதே எலெக்ட்ரோடுகள் வழியாக, உணரவே முடியாத அளவு மின்னோட்டத்தைச் செலுத்தி, மார்பு விரிந்து சுருங்கும்போது மின்தடை மாறுவதை மானிட்டர் எண்ணுகிறது. ஜெல் காய்ந்தால் இதயக் கணக்கும் மூச்சுக் கணக்கும் சேர்ந்தே தடுமாறும். எலெக்ட்ரோடு பாக்கெட்டைப் பிரித்து அப்படியே டிராலியில் போட்டுவைக்கும் வார்டிலிருந்துதான் எங்களுக்கு அதிகப் புகார் வரும்.

விரலில் மாட்டும் கிளிப் வேறு வகை. ஜப்பானின் நிஹான் கோடன் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த டகுவோ அயோயாகி 1974-இல் வகுத்த முறை அது. சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளிகளை விரல் வழியாகச் செலுத்தி, நாடியோடு சேர்ந்து ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து ஆக்சிஜன் அளவைக் கணக்கிடும். நாடி கிடைக்காவிட்டால் கணக்கும் கிடைக்காது. பிபி கஃப்பும் கிளிப்பும் ஒரே கையில் இருந்தால், கஃப் இறுகும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் அலாரம் அடிக்கும். கிளிப்பை மறு கைக்கு மாற்றினால் போதும். கருவியில் கோளாறே இல்லை.

பிபி எண்ணிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இதயத் துடிப்பு இந்த நொடிக்கு உரியது. கஃப் மூலம் எடுத்த பிபியோ அரை மணி நேரத்துக்கு முந்தியதாக இருக்கலாம். திரையில் இரண்டும் ஒரே பளபளப்போடு பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கும் நேரத்தையும் சேர்த்துப் படிக்கப் புது நர்ஸ்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரிய தலைவலி அலாரம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவமனையில் 77 ஐசியு படுக்கைகளை 31 நாட்கள் கவனித்து, 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பதிவான அலாரங்கள் 25 லட்சத்துக்கும் மேல். காதில் விழும்படி ஒலித்தவை மட்டும் படுக்கைக்கு ஒரு நாளில் 187. இதயத் துடிப்புக் கோளாறு என்று அடித்தவற்றில் 12,671-ஐ நிபுணர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்ததில், 88.8 சதவீதம் பொய். நோயாளி பல் தேய்க்கும்போது கை ஆடுவதுகூட, உயிருக்கு ஆபத்தான வேகத் துடிப்பைப் போலவே திரையில் அலை காட்டும். இத்தனை பொய்க்கு நடுவில் நர்ஸ் அலாரத்தை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தால் அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் அதில்தான் உண்மையான அலாரமும் தப்பிப்போகிறது.

குறைக்க வழி உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் எலெக்ட்ரோடுகளைத் தினமும் மாற்றிப் பார்த்தபோது அலாரம் 46 சதவீதம் குறைந்தது. பாஸ்டன் மெடிக்கல் சென்டரின் இதய வார்டில், தானாக அடித்துத் தானாக ஓயும் எச்சரிக்கைகளை எடுத்துவிட்டு, நர்ஸ் வந்து பார்த்தே ஆக வேண்டியவற்றை மட்டும் ஒலிக்க விட்டார்கள். வாரத்துக்கு 87,823 ஆக இருந்த ஒலி அலாரம் 9,967 ஆனது. புதுக் கருவி எதுவும் வாங்காமலே இவ்வளவும் நடந்தது.

நாட்பட்ட நுரையீரல் நோயாளிக்கு ஆக்சிஜன் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்று டாக்டரே வைத்திருப்பார். மானிட்டரில் அலாரத்தின் கீழ் எல்லை 90 என்றே கிடந்தால் ராத்திரி முழுக்க அது கத்தும். எல்லையை ஆளுக்கு ஆள் மாற்றும் உரிமையும் பழக்கமும் வார்டில் இருக்க வேண்டும்.

மானிட்டரில் நாம் வைக்கும் எல்லா அமைப்புகளிலும் (செட்டிங்) நான் மிகவும் பயப்படுவது பேஸ்மேக்கர் அமைப்பைப் பற்றித்தான். பேஸ்மேக்கர் வைத்தவர் என்று மானிட்டரிடம் சொல்லாவிட்டால், அந்தக் கருவி விடும் மின்துடிப்பையே இதயத் துடிப்பாக எண்ணிவிடக்கூடும். இதயம் நின்றிருக்கும், சென்ட்ரலில் 70 என்று அமைதியாக நிற்கும், அலாரமே வராது.

கம்பியில்லா மானிட்டர் வாங்குவதற்கு முன்னால் டல்லாஸ் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. 1998 பிப்ரவரியில் அங்கே ஒரு தொலைக்காட்சி நிலையம் டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்தபோது, அதே அலைவரிசையில் இருந்த மருத்துவமனை மானிட்டர்கள் செயலிழந்தன. அமெரிக்காவில் 2000-இல் இதற்கெனத் தனி அலைவரிசை ஒதுக்கப்பட்டது. கேபிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மானிட்டர்களைச் சென்ட்ரலோடு இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுக்கும் யுபிஎஸ் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கணினிக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டுச் சுவிட்சை மறந்த இடங்கள் நிறைய.

கடைசியாகப் பெயர். 7-ஆம் படுக்கை நோயாளி வார்டுக்குப் போய்ப் புதியவர் வந்து படுத்துவிடுவார். மானிட்டரில் டிஸ்சார்ஜ் கொடுக்காவிட்டால், சென்ட்ரலில் பழைய பெயர், பழைய எல்லைகள், பழைய பேஸ்மேக்கர் அமைப்பு எல்லாம் அப்படியே நிற்கும். அதனால் ஷிஃப்ட் மாறும்போது, சென்ட்ரல் திரையிலுள்ள பெயரைக் கையில் கட்டிய பட்டையோடு ஒத்துப் பார்த்து, அலாரம் எல்லையையும் ஒருமுறை பார்த்த பிறகே சார்ஜ் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம்.