செய்மதி காணும் பசுமையும் மேய்ப்பர் அறிந்த புல்லும்

ஆபிராமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் இடையே பிணக்கு எழுந்ததைத் தொடக்கநூல் கூறுகிறது. இருவரது மந்தைகளையும் ஒரே நிலம் தாங்க முடியாமற் போனதே அதற்குக் காரணம். ஒரு நிலம் எத்தனை கால்நடைகளைத் தாங்கும் என்ற கேள்வி வரண்ட நாடுகளில் இன்றும் மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. ஆனால் அதற்கு விடை சொல்பவர்கள் பெரும்பாலும் மேய்ப்பர்கள் அல்லர் என்பதே எமது கவலை.

சகாராப் பாலைவனத்தின் தென் விளிம்பில், செனகல் முதல் சூடான் வரை நீண்டு கிடக்கும் புல்நிலப் பகுதி சகேல் எனப்படும். 1975இல் ஹியூ லாம்பிறி என்ற சூழலியலாளர், சூடானின் 1958ஆம் ஆண்டு வரைபடத்துடன் தாம் கண்டவற்றை ஒப்பிட்டு, பாலைவனம் 17 ஆண்டுகளில் 90 முதல் 100 கிலோ மீற்றர் வரை தெற்கே நகர்ந்துவிட்டதென அறிக்கையிட்டார். வரட்சியின் கொடுமையைக் கண்டிருந்த உலகம் இதை இலகுவில் நம்பியது. மந்தைகளை அளவுமீறிப் பெருக்கிய மேய்ப்பர்களே குற்றவாளிகள் என்ற பேச்சும் வலுத்தது.

இவ்வழக்கில் எதிர்பாராத சாட்சியொன்று வானிலிருந்து வந்தது. பச்சை இலை, ஒளித்தொகுப்புக்காகச் சூரியனின் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்கிறது. கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக்கீழ்க் கதிர்களைப் பெருமளவில் தெறிக்கச் செய்கிறது. இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டைச் செய்மதி அளப்பதால் கிடைப்பதே தாவரச் சுட்டி. இலை செழித்தால் சுட்டி உயரும். வெறுந்தரையில் பூச்சியத்தை அண்மிக்கும். மழைக்காலம் முழுவதற்குமான சுட்டிகளைக் கூட்டிப் பார்த்தால், அவ்வாண்டு நிலம் தந்த விளைச்சலை மதிப்பிடலாம்.

நாசா நிறுவனத்தின் கொம்டன் டக்கரும் இரு சக ஆய்வாளரும், வானிலைச் செய்மதிகளின் தரவுகளைக் கொண்டு 1980 முதல் 1990 வரை சகாராவின் தென்னெல்லையை ஆண்டுதோறும் கணித்து, 1991இல் வெளியிட்டனர். கடும் வரட்சி நிலவிய 1984 வரை பாலை விரிந்தது உண்மையே. ஆனால் அடுத்த ஆண்டிலேயே எல்லை 110 கிலோ மீற்றர் வடக்கே பின்வாங்கியது. பாலையின் பரப்பு 724,000 சதுர கிலோ மீற்றரால் குறைந்தது. இது எமது தீவைப் போன்று பதினொரு மடங்கு! மேய்ப்பரின் பழக்கம் ஓராண்டில் மாறிவிடவில்லை, மாறியது மழை. மிகை மேய்ச்சலால் கெட்ட இடங்கள் இல்லாமலில்லை. எனினும், இரு ஆண்டுகளை மட்டும் ஒப்பிட்டு ஒரு மக்கள் கூட்டத்தின் மீது பழி சுமத்துவது நீதியாகாது.

செய்மதிக்கும் ஒரு குறையுண்டு. அது பசுமையைக் காணும்; அதை மாடு தின்னுமா என்பதை அறியாது. இதனாலேயே செனகலின் தலைநகர் டாக்காரிலுள்ள சூழலியல் கண்காணிப்பு நிலையத்தினர், மழைக்கால முடிவில் தெரிந்தெடுத்த இடங்களில் புல்லை வெட்டி நிறுத்து, செய்மதிச் சுட்டியுடன் ஒப்பிடுகின்றனர். அப்போதுதான் அச்சுட்டி, ஹெக்டேயருக்கு இத்தனை கிலோ உலர் தீவனம் என்ற பயனுள்ள கணக்காகிறது. அந்நாட்டின் நடுப்பகுதியை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வொன்று, பசுமை கூடியதாகச் செய்மதி காட்டிய இடங்களிலும் தாவர இனங்கள் அருகிவிட்டதைக் கண்டது.

அபிவிருத்திப் பணியில் உள்ள நாம் வரைபடத்தை விரித்து வைத்து மக்களுக்குப் போதிக்க விரைகிறோம். அதே வரைபடத்தை அவர்கள் முன் வைத்து, "இங்கே நிற்பது எந்தப் புல்? எத்தனை நாட்களுக்குப் போதும்?" என்று கேட்பதே நன்று. மந்தையின் பின்னே நாளெல்லாம் நடப்பவன், தன் ஆட்டை மட்டுமல்ல, அது தின்னும் புல்லையும் பெயர் சொல்லி அறிவான்.