உங்களுக்குத் தெரியுமா? கறுப்புக் கம்பளம் ரோபோவுக்குப் படுகுழி!

வீடு பெருக்கும் ரோபோ, கன்னங்கரேலென்ற கம்பளத்தின் விளிம்பிலேயே நின்று பின்வாங்கிவிடலாம். அதைப் பள்ளம் என்று எடுத்துக்கொள்கிறது!

• ரோபோவைக் கவிழ்த்துப் பாருங்கள். ஓரத்தை ஒட்டிச் கண்ணாடி போன்ற சின்னச் சின்ன வில்லைகள் தெரியும். தரையில் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சும் சென்சார்கள் அவை. கதிர் திரும்பினால் தரை, திரும்பாவிட்டால் படிக்கட்டு. அடர்கறுப்பு அந்தக் கதிரை விழுங்கிவிடுவதால்தான் இந்தக் குழப்பம். புனே வீட்டில் கடப்பைக் கல்லோ கறுப்பு கிரானைட்டோ பதித்திருந்தால், ரோபோவை வாங்கும் முன் அதன்மேல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

• வீடு பெருக்கும் ரோபோவான ரூம்பா 2002-ல் முதலில் வந்தபோது அதனிடம் வீட்டு வரைபடமே கிடையாது. முட்டும், திரும்பும், மறுபடி ஓடும். கேமராவால் வரைபடம் போடும் ரூம்பா 2015-ல்தான் வந்தது.

• ரூம்பாவைத் தயாரித்த ஐரோபாட் நிறுவனத்தின் இன்னொரு ரோபோ பேக்பாட். 2011-ல் விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடத்துக்குள் மனிதர் நுழைய அஞ்சிய நேரத்தில், உள்ளே போய்ப் படமும் கதிர்வீச்சு அளவும் எடுத்தது அதுதான். மகத்தான பணி!

• ரோபோத் தயாரிப்பில் புனேயும் சளைத்ததல்ல. இங்குள்ள பெப்பர்மின்ட் நிறுவனம், தொழிற்சாலைத் தரைகளைத் தானாகவே சுத்தம் செய்யும் பெரிய ரோபோக்களைத் தயாரிக்கிறது.

கறுப்புத் தரையில் ஓடவைக்கச் சிலர் சென்சார்மேல் டேப் ஒட்டிவிடுகிறார்கள். மாடிப்படி உள்ள வீட்டில் அதைச் செய்யவே வேண்டாம். ரோபோ உருண்டு விழும். அவ்வப்போது உலர்ந்த துணியால் சென்சாரைத் துடைத்துவிடுங்கள்.