படம் பார்த்தா பிள்ளை கெட்டுப்போகிறது?

கடந்த மாத உரைக்குப் பின் பல பெற்றோர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "படத்தைப் பார்த்துத்தானே பெடியள் கத்தி தூக்குறாங்கள்?" இதற்குப் பதிலாக அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

1976இல் 'ரக்சி ட்ரைவர்' என்ற படம் வெளிவந்தது. ரொபேர்ட் டி நீரோ நடித்த ட்ராவிஸ், நித்திரை வராத, யாருமற்ற ஒரு சாரதி. ஜனாதிபதி வேட்பாளர் ஒருவரைச் சுடப் போகிறான். பாலியல் தொழிலில் சிக்கிய ஒரு சிறுமியை மீட்க அலைகிறான். சிறுமியாக நடித்தவர் ஜோடி பொஸ்ரர்.

ஜோன் ஹிங்க்லி என்ற இளைஞர் இப்படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். ட்ராவிஸைப் போல இராணுவ மேலங்கி போட்டார், துப்பாக்கிகள் வாங்கினார். அந்த நடிகையின் கவனத்தைப் பெறுவதற்காகவே 1981 மார்ச் 30இல் வாஷிங்டனில் ஜனாதிபதி றீகனைச் சுட்டார். றீகனோடு வேறு மூவரும் காயமடைந்தனர்.

வழக்கில் ஜூரிமாருக்கு அந்தப் படத்தையே போட்டுக் காட்டினார்கள். சித்த சுவாதீனம் இல்லாதவர் என்பதால் குற்றவாளி அல்ல என 1982இல் தீர்ப்பாகி, மனநல வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டார். தாயாருடன் வசிக்க அனுமதி கிடைத்தது 2016இல்தான்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1972இல் ஆதர் பிரெமர் என்பவர் ஜனாதிபதி வேட்பாளர் ஜோர்ஜ் வொலஸைச் சுட்டார். ட்ராவிஸ் உருவாக அச்சம்பவமும் ஒரு தூண்டுதல். நிஜக் குற்றம் படமாகி, படம் மறுபடி குற்றமாகியது!

ஆனாலும் அப்படத்தை உலகமெங்கும் எத்தனையோ இலட்சம் பேர் பார்த்தார்கள். மற்றவர்கள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். எப்படிச் சுடுவது, என்ன உடுப்பது என்பதைத்தான் ட்ராவிஸ் ஹிங்க்லிக்குக் கொடுத்தான். தனிமையும் நோயும் அவருடையவை. ஆகவே பிள்ளை என்ன படம் பார்க்கிறது என்பதோடு, எத்தனையாவது தடவை, யாரோடு இருந்து பார்க்கிறது என்பதையும் கவனியுங்கள் என்பேன். சினேகிதர்கள் வந்து போகிறார்களா என்பதையும்தான்.

ஹிங்க்லியின் பெற்றோர் கவனிக்காதவர்கள் அல்லர். மகனை மனநல வைத்தியரிடம் அனுப்பியிருந்தார்கள். மகன் சொந்தக் காலில் நிற்கட்டும் என்ற வைத்தியரின் திட்டப்படி, சம்பவத்துக்குச் சில வாரங்கள் முன் டென்வர் விமான நிலையத்தில் தகப்பனார் கையில் கொஞ்சப் பணம் கொடுத்து, இனி வீட்டுக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். அதை நீதிமன்றத்தில் சொல்லி அவர் அழுதார்.