விதைப்புக் கருவிக்கு ஏற்ற பல்சக்கரம்

மொரப்பூர் வட்டாரத்தில் ஆடிப்பட்டத்தில் மானாவாரி நிலக்கடலை விதைப்போர், கருவியின் சங்கிலியையும் பல்சக்கரத்தையும் முன்னதாகவே சரிபார்த்தல் அவசியம். மழை ஈரம் நமக்காகக் காத்திருக்காது.

பல் எண்ணிக்கையும் விதை இடைவெளியும்

தரைச்சக்கரத்தின் சுழற்சியைச் சங்கிலியே விதைத்தட்டுக்குக் கொண்டு செல்கிறது. தரைச்சக்கரத்தின் விட்டம் 40 செ.மீ., விதைத்தட்டில் 8 குழிகள், சக்கர அச்சில் 28 பற்கள், தட்டு அச்சில் 18 பற்கள் எனக் கொள்வோம். தரைச்சக்கரம் சறுக்காமல் ஒரு சுற்றுச் சுற்றினால் கருவி சுமார் 126 செ.மீ. நகரும். ஏறத்தாழ 10 செ.மீ.க்கு ஒரு விதை விழும். வரிசைக்கு வரிசை 30 செ.மீ. விட்டால் இதுவே பரிந்துரைக்கப்படும் இடைவெளியாகும்.

தட்டு அச்சில் 18 பல்லுக்குப் பதில் 16 பல் சக்கரத்தை மாட்டினால் இடைவெளி 9 செ.மீ. ஆகக் குறையும். ஏக்கருக்குச் சுமார் 16,700 விதைகள் கூடுதலாகும். நூறு பருப்பின் எடை 40 கிராம் எனில், ஆறரைக் கிலோவுக்கு மேல் விதைப்பருப்பு வீணாகும்.

புதிய சக்கரம் செய்வது எப்படி?

தேய்ந்த சக்கரத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து, அதன்படி வெட்டச் சொல்வது தவறு. தேய்மானமும் புதிய சக்கரத்தில் படிந்துவிடும். சங்கிலி துள்ளும், வரிசையில் விதை விழாத இடங்கள் தோன்றும்.

பட்டறைக்குக் கொடுக்க வேண்டிய விவரங்கள்:

1. சங்கிலியின் பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரு ஊசிகளின் மையங்களுக்கு இடையேயுள்ள தூரம். சைக்கிள் சங்கிலியில் இது 12.7 மி.மீ.
2. உருளையின் விட்டமும் உள் அகலமும்.
3. பற்களின் எண்ணிக்கை.
4. அச்சின் விட்டமும் சாவிப்பள்ளத்தின் அளவும்.

180 பாகையைப் பல் எண்ணிக்கையால் வகுத்து, அக்கோணத்தின் சைன் மதிப்பால் பிட்சை வகுத்தால் பிட்ச் வட்டத்தின் விட்டம் கிடைக்கும். 12.7 மி.மீ. பிட்சுக்கு 16 பல்லாயின் 65.1 மி.மீ.; 18 பல்லாயின் 73.1 மி.மீ.; 20 பல்லாயின் 81.2 மி.மீ. ஆகும்.

கணினியில் இவ்வட்டத்தை வரைந்து, ஒரு பல்லை மட்டும் சரியாக அமைத்தால் போதும். மற்றவற்றைக் கணினியே சம இடைவெளியில் அமைத்துவிடும். பிரீகேட் என்னும் மென்பொருள் இதற்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களே வரைந்து தரலாம். பிட்சை மாற்றாமல் பல் எண்ணிக்கையை மாற்றி, வேறு பயிர்களுக்கான சக்கரங்களும் தயாரிக்கலாம்.

சங்கிலியையும் அளந்து பாருங்கள்

12.7 மி.மீ. பிட்ச் சங்கிலியை இழுத்துப் பிடித்து 20 பிட்ச் நீளத்தை அளக்கவும். புதிதில் அது 254 மி.மீ. இருக்கும். 259 மி.மீ. ஆகிவிட்டால் சங்கிலியையும் மாற்றிவிட வேண்டும். நீண்ட சங்கிலி புதிய பற்களையும் விரைவில் தேய்த்துவிடும்.

பொருத்திய பின், விதைப்பதற்கு முன் களத்தில் பத்து மீட்டர் ஓட்டி, விழுந்த விதைகளை எண்ணிப் பாருங்கள். வரிசைக்கு நூறு விதைகள் அளவில் இருந்தால் கருவி தயார் எனக் கொள்ளலாம்.