கடைக் கம்ப்யூட்டரில் இரண்டாவது இயங்குதளம்: புதுப் பெட்டி வாங்குமுன் ஒரு யோசனை

‘விண்டோஸ் 10’ இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் இலவசமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுபோயின. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்போர் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும் என்றும், வணிக நிறுவனங்கள் ஒரு பெட்டிக்கு முதலாண்டு 61 டாலரும், அடுத்தடுத்த ஆண்டுகளில் அதைப்போல் இரட்டிப்பும் கட்டி மூன்றாண்டு வரை நீட்டிக்கொள்ளலாம் என்றும் அந்நிறுவனம் அறிவித்தது. ‘விண்டோஸ் 11’க்கு மாறலாம் என்றால் அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய பிராசசரும் வேண்டும். 2017க்கு முன் வாங்கிய பெட்டிகளில் இவை அநேகமாக இரா.

இதனால் நம் வணிகர்களிடம் எழும் கேள்வி ஒன்றே. “பெட்டி நன்றாகத்தான் ஓடுகிறது, பில் போடுகிறது, கணக்கு எழுதுகிறது. இதைக் கழித்துவிட்டுப் புதிது வாங்கத்தான் வேண்டுமா?”

வசதியுள்ளவர்கள் வாங்கலாம், தவறில்லை. ஆனால் அது ஒன்றுதான் வழி என்பதில்லை. அதே பெட்டியில் விண்டோசை அப்படியே விட்டுவிட்டு, அதன் பக்கத்தில் ‘லினக்ஸ்’ என்னும் இலவச இயங்குதளத்தையும் வைத்துக்கொள்ள முடியும். கணக்கு வேலைக்கு ஒன்று, வெளியுலக வேலைக்கு மற்றொன்று. இதில் உள்ள லாபம் என்ன, ஆபத்து என்ன, யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதை இங்கே விளக்குகிறோம்.

திருத்தம் நின்றால் என்ன ஆகும்?

பெட்டி நின்றுபோகாது, நேற்றுப்போலவே ஓடும். ஆபத்து வேறு விதமாக வரும். 2017 மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்ற நாசகார மென்பொருள் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புக்குப் பிட்காயின் கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வெளியிட்டிருந்தது. திருத்தம் போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்களும், 2014லேயே ஆதரவு நின்றுபோன ‘எக்ஸ்.பி.’யை இன்டர்நெட்டில் வைத்திருந்தவர்களும் அகப்படும் நிலையில் இருந்தார்கள்.

கடைக்காரருக்கு இதில் போவது பெட்டி மட்டுமல்ல. யார் எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு எவ்வளவு இருப்பு, யாருக்கு எந்த விலை என்ற முழுக் கணக்கும் போய்விடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கு விவரங்களை ஆண்டு ரிட்டர்ன் தாக்கலுக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கவும் வேண்டும். ‘கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது’ என்று சொன்னால் கடமை தீர்ந்துவிடாது.

இரண்டாவது இயங்குதளம் என்றால் என்ன?

பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கியதுதான் லினக்ஸ். யாரும் இலவசமாக எடுத்து நிறுவிக்கொள்ளலாம். ‘லினக்ஸ் மின்ட்’, ‘உபுண்டு’ என்று பல பெயர்களில் கிடைக்கிறது. 2024 ஜூலையில் வந்த மின்ட் 22க்கும், 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04க்கும் 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. 64 பிட் பிராசசரும் 4 ஜி.பி. ராமும் உள்ள பழைய பெட்டியில் மின்ட் தாராளமாக ஓடும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதுமல்ல. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்கு வந்த பெட்டிகள் பலவற்றில் விண்டோசும், சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்சும் அருகருகே இருந்தன. பெட்டியைப் போட்டதும் எது வேண்டும் என்று கேட்கும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். அப்படிப்பட்ட ஏற்பாட்டைத்தான் கடைப் பெட்டியிலும் செய்கிறோம்.

ஹார்ட் டிஸ்க்கை ஒரு பெரிய கிட்டங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவே சுவர் எழுப்பி ஒரு பகுதியை விண்டோசுக்கும், மறு பகுதியை லினக்சுக்கும் கொடுக்கிறோம். ஒரு நேரத்தில் ஒரு கதவுதான் திறக்கும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

எந்த வேலை எந்தப் பக்கம்?

ஒரு மளிகை மொத்தக் கடையை எடுத்துக்கொள்வோம். டேலி போன்ற கணக்கு மென்பொருள்கள் விண்டோசுக்காக எழுதப்பட்டவை. எடைத் தராசோடு இணைந்து ஓடும் மென்பொருள்களும் பெரும்பாலும் அப்படியே. இவற்றை லினக்சுக்கு மாற்ற முயல வேண்டாம். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். விண்டோஸ் பக்கத்தில் இன்டர்நெட் இணைப்பை மட்டும் துண்டித்துவிடுங்கள். வெளியாட்கள் கொண்டுவரும் பென் டிரைவையும் அதில் செருக விடாதீர்கள்.

பாங்கிக் கணக்குப் பார்ப்பது, ஜி.எஸ்.டி. இணையதளம், ஈ-வே பில், மின்னஞ்சல், கம்பெனிகள் அனுப்பும் விலைப் பட்டியல் ஆகியவற்றுக்கு ஒரு பிரவுசர் போதும். இவை லினக்ஸ் பக்கம் நடக்கட்டும். எக்செல் தாள்களைத் திறக்க ‘லிப்ரே ஆபீஸ்’ அதிலேயே இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் உண்டு.

யாருக்கு இது பொருந்தாது?

வாடிக்கையாளர் வரிசையில் நிற்கும் பில் கவுன்ட்டருக்கு இது ஆகாது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போகப் பெட்டியை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். பழைய பெட்டியில் சில நிமிடம் பிடிக்கும். நான்கைந்து பில்லிங் பெட்டிகளுக்குச் சர்வராக இருக்கும் பெட்டியிலும் கை வைக்க வேண்டாம். அது நின்றால் கடையே நிற்கும்.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்டவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல் ஈ-இன்வாய்ஸ் கட்டாயமாயிற்று. அதைக் கணக்கு மென்பொருளிலிருந்தே நேராக எடுப்பவர்கள் விண்டோசில் இன்டர்நெட்டைத் துண்டிக்க முடியாது. அவர்கள் புதுப் பெட்டியோ, கட்டணம் கட்டிப் பெறும் நீட்டிப்போ பார்ப்பதே முறை. கடையின் பின்கட்டில் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் நடக்கும் ஒற்றைப் பெட்டிக்குத்தான் இந்த யோசனை முழுமையாகப் பொருந்தும்.

முதல் வேலை பேக்கப்

கிட்டங்கியில் சுவர் எழுப்புமுன் சரக்கை ஒதுக்கி வைப்பதுபோல, கணக்கு விவரங்களை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். இரண்டு தனித்தனி இடங்களில் நகல் வேண்டும். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கும் ஒரு பென் டிரைவும் போதும். ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

நகல் எடுத்ததோடு நிறுத்திவிடாதீர்கள். வேறொரு கம்ப்யூட்டரில் அதை ‘ரீஸ்டோர்’ செய்து, நேற்றைய கடைசி பில்லும் பெரிய பாக்கிதாரர் நாலு பேருடைய லெட்ஜரும் சரியாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பி இந்த வேலையில் இறங்கவே கூடாது.

இன்னும் இரண்டு காரியங்கள் உண்டு. சில பெட்டிகளில், குறிப்பாக லேப்டாப்களில், ‘பிட்லாக்கர்’ என்ற பூட்டு போட்டிருக்கும். அதன 48 இலக்கச் சாவி எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். அடுத்தது, விண்டோஸ் கன்ட்ரோல் பேனலில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்ற வசதியை நிறுத்துவது. அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸ் அந்தப் பகுதியில் எழுதினால் ஃபைல்கள் கெடலாம்.

நிறுவும் முறை

லினக்ஸ் ஃபைலை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி, ‘ரூஃபஸ்’ போன்ற சிறு மென்பொருளால் 8 ஜி.பி. பென் டிரைவில் எழுத வேண்டும். அந்த டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதால் காலி டிரைவாக எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைப் போடும்போது எப்12, எப்2, எஸ்கேப், டெலிட் ஆகியவற்றில் அந்தப் பெட்டிக்குரிய விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்து கிளம்பச் செய்ய வேண்டும்.

இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. எதையும் நிறுவாமலே, பென் டிரைவிலிருந்தே லினக்சை ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, பிரிண்டர் அடிக்கிறதா, பாங்கி இணையதளம் திறக்கிறதா என்று அரை மணி நேரம் சோதியுங்கள். பார்கோடு ஸ்கேனர் பெரும்பாலும் கீபோர்டு போலவே இயங்குவதால் தொல்லை தராது. டிஜிட்டல் கையெழுத்துக்கான டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டா என்பதை அதை விற்றவரிடம் கேட்டறிய வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் பென் டிரைவை உருவிவிடலாம். பெட்டி பழையபடியே இருக்கும்.

ஒத்துவந்தால் விண்டோசின் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியில் அதன் இடத்தைச் சுருக்கி, 50 முதல் 100 ஜி.பி. வரை காலி செய்து லினக்சுக்குத் தர வேண்டும். பிறகு நிறுவும்போது திரையில் வரும் கேள்விகளில் ஒன்றுதான் உயிர்நிலை. விண்டோசின் பக்கத்தில் நிறுவட்டுமா, டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு நிறுவட்டுமா என்று அது கேட்கும். ‘எரேஸ் டிஸ்க்’ என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்தால் பத்தாண்டுக் கணக்கும் போகும். கூலிக்கு ஆள் வைத்துச் செய்தாலும் இந்தக் கட்டத்தில் முதலாளி பக்கத்தில் இருப்பது நல்லது.

இதைவிடப் பத்திரமான வழியும் உண்டு. டெஸ்க்டாப் பெட்டியாக இருந்தால் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைத் தனியாக வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டு, புதியதில் மட்டும் லினக்சை நிறுவச் சொல்லுங்கள். முடிந்ததும் வயரை மாட்டிக்கொள்ளலாம். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்தக் கை தவறும் அழிக்க முடியாது. சிறிது செலவானாலும் வணிகர்களுக்கு நாம் சிபாரிசு செய்வது இதைத்தான்.

கடிகாரத்தைக் கவனியுங்கள்

கணக்குக்கே உலை வைக்கக்கூடிய ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் வழக்கமாக அதை உலகப் பொது நேரத்தில் வைக்கும். நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணி நேரம். லினக்சில் வேலை முடித்து விண்டோசுக்குத் திரும்பினால் நேரம் ஐந்தரை மணி பின்தங்கிக் காட்டலாம். இன்டர்நெட் துண்டித்த பக்கம் என்பதால் அது தானாகவும் திருந்தாது.

கோயம்பேடு போல விடியுமுன்னே வியாபாரம் நடக்கும் இடத்தில் இதன் விளைவைப் பாருங்கள். கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்த்துத் தேதி போடும் மென்பொருளில், விடியற்காலை 3 மணிக்கு அடித்த பில்லில் முந்தின நாள் இரவு 9.30 என்று விழும். அன்று 1ஆம் தேதி என்றால் பில் போன மாதத்துக்கே போய்விடும், ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் இடிக்கும். லினக்சையும் உள்ளூர் நேரக் கடிகாரத்துக்கு மாற்றிவைத்தால் தீர்ந்தது. ஒரு வரிக் கட்டளைதான். வேலை செய்பவரிடம் இதைச் சொல்லி, இரு பக்கமும் மாறி மாறிப் போய் நேரத்தைச் சரிபார்த்த பிறகே கூலி கொடுங்கள்.

பின்னால் வரக்கூடிய தொல்லை

2024 ஆகஸ்டில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஒரு திருத்தத்தால், இரண்டும் இருந்த பெட்டிகள் சிலவற்றில் லினக்ஸ் கிளம்பாமல் நின்றது. ஃபைல்கள் அழியவில்லை; கதவு மட்டும் அடைபட்டது. லினக்ஸ் எழுதிய பென் டிரைவை அழிக்காமல் கல்லாவில் வைத்திருந்தால், இத்தகைய சமயத்தில் பெட்டியைக் கிளப்பிச் சரிசெய்ய உதவும்.

லினக்ஸ் வந்துவிட்டதால் எல்லா ஆபத்தும் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். பாங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி. கேட்பவனிடம் அதைச் சொல்லிவிட்டால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. வாராவாரம் பேக்கப் எடுப்பதும் நிற்கக்கூடாது.

எப்போது செய்யலாம்?

மாதாந்தர ஜி.எஸ்.டி.ஆர்-1க்கு 11ஆம் தேதியும், 3பி-க்கு 20ஆம் தேதியும் கெடு. இவற்றுக்கு நெருங்கிய நாட்களிலும், தீபாவளி, பொங்கல் சீசனிலும் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். 20ஆம் தேதிக்குப் பிறகு கடை விடுமுறை நாளாகப் பார்த்து, காலையில் தொடங்குங்கள். வேலை முடிந்ததும் விண்டோசில் ஒரு மாதிரி பில் அடித்து, லினக்சில் பாங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டுப் பூட்டினால், மறுநாள் காலை கடை திறக்கும்போது சங்கடம் இராது.

புதுப் பெட்டிக்குப் போடும் பணம் சரக்கில் போட்டால் சுழலும் என்று நினைக்கும் சிறு வணிகருக்கு இந்த ஏற்பாடு இன்னும் சில ஆண்டுகள் அவகாசம் தரும். பேக்கப் சரிபார்க்கப்படும் வரை யாரையும் உங்கள் பெட்டியில் கைவைக்க விடாதீர்கள் என்பதே நமது வேண்டுகோள்.