அடிபம்பும் கூட்டுப் பொறுப்பும்

"காவிரி பாயும் நாட்டிலே குடிநீருக்குக் குறை ஏது?" என்று வெளியூரார் வினவுவதுண்டு. ஆற்றிலும் வாய்க்காலிலும் நீர் ஓடுவது ஆண்டில் சில மாதங்களே. தாகமோ ஆண்டு முழுவதும் உண்டு. மேலும், வயலுக்குப் பாயும் நீர் வேறு, வாயில் வைக்கத் தகுந்த நீர் வேறு. குளத்து நீரையும் வாய்க்கால் நீரையும் அப்படியே பருகிய காலத்தில் வாந்திபேதி நம் ஜில்லாவில் எத்தனை குடும்பங்களை வாரிக்கொண்டு போயிற்று என்பதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். பூமிக்கடியிலுள்ள நீரை மூடிய குழாய் வழியே மேலே கொணரும் அடிபம்பு, அந்நிலை மாறத் துணை நின்ற சாதனங்களுள் ஒன்றாகும்.

2019-ல் ஆரம்பமான ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் கிராமங்களில் வீடுகளுக்குக் குழாய் இணைப்புகள் தரப்பட்டு வந்துள்ளன. இது வரவேற்கத் தக்கதே. ஆயினும், "இனி அடிபம்பு எதற்கு?" என்று கேட்பது சரியாகாது. 2018 நவம்பர் 16-ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல் இதற்கு விடை பகர்ந்துவிட்டது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. மின்சாரம் இன்றேல் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிடில் மேல்நிலைத் தொட்டி நிரம்பாது. அத்தகைய நாட்களில், நல்ல நிலையிலுள்ள அடிபம்பு ஒன்று நிற்கும் தெருவுக்கும், துருப்பிடித்த கைப்பிடி மட்டும் நிற்கும் தெருவுக்கும் உள்ள வேற்றுமை பெரிது.

ஆகவே, பம்பு வேண்டுமா என்பதன்று நம் முன்னுள்ள கேள்வி. இருக்கும் பம்பைக் காப்பவர் யார் என்பதே.

இரும்பு கற்பித்த பாடம்

1960-களின் பிற்பகுதியில் பீகார் முதலிய இடங்களில் நேர்ந்த கடும் வறட்சியை அடுத்து, பாறையைத் துளைக்கும் இயந்திரங்கள் யூனிசெஃப் உதவியோடு நம் நாட்டுக்கு வந்தன. ஆயிரக்கணக்கில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டு, அவற்றின்மேல் வார்ப்பிரும்புப் பம்புகள் பொருத்தப்பட்டன. ஆனால் அவை, மேல்நாடுகளில் ஒரு குடும்பத்தின் உபயோகத்துக்கென வகுக்கப்பட்ட பம்புகளின் நகல்கள். ஊரே கூடி விடியல் முதல் இரவு வரை அடிக்க, அவை தாங்கவில்லை. 1970-களின் நடுவில் பார்த்தபோது முக்கால் பங்குப் பம்புகள் செயலற்றுக் கிடந்ததாக மதிப்பிடப்பட்டது.

இதன்பின் மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் உருவான எஃகுப் பம்புகளின் அனுபவத்தைக் கொண்டு "இந்தியா மார்க் 2" என்னும் பம்பு வகுக்கப்பட்டது. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் அதனைச் சோதித்தனர். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலை அதனை உற்பத்தி செய்தது. பேரிங்கின்மேல் ஆடும் கைப்பிடியும், ராடை நேராகத் தூக்கும் சங்கிலியும் அதன் சிறப்புகள்.

பம்பு உறுதியானதாயினும் பராமரிப்பு வேண்டாமா? 1970-களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் மூன்றடுக்கு முறை ஏற்பட்டது. கிராமத்தில் ஒரு காப்பாளர், வட்டாரத்தில் ஒரு மெக்கானிக், ஜில்லாவில் வண்டியோடு செல்லும் ஒரு பழுதுபார்ப்புக் குழு என்பது ஏற்பாடு. காப்பாளர் நட்டுகளை முடுக்குவார், சங்கிலிக்குக் கிரீஸ் இடுவார், பழுது நேர்ந்தால் தபால் கார்டு எழுதிப் போடுவார். நல்ல முறைதான். ஆனால் பூமிக்கடியிலுள்ள வாஷர் தேய்ந்தால் குழாய்கள் முழுவதையும் மேலே தூக்கியாக வேண்டும். அதற்கு வண்டி வர வேண்டும். வண்டி வரும் வரை பெண்கள் குடத்துடன் அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டியதாயிற்று.

இக்குறையைப் போக்கவே 1983 முதல் கோயம்புத்தூர் ஜில்லாவில் பல ஆண்டுகள் சோதனை நடந்தது. அதன் பயனாகத் தோல் வாஷருக்குப் பதிலாக நெடுநாள் உழைக்கும் நைட்ரில் ரப்பர் வாஷர் வந்தது. "மார்க் 3" பம்பும் பிறந்தது. இதில் குழாயின் விட்டம் இரண்டரை அங்குலம். ஆகையால் குழாயைத் தூக்காமலே பிஸ்டனையும் அடிவால்வையும் அதன் வழியே வெளியே எடுக்கலாம். அகன்ற குழாய்க்கு விலை அதிகந்தான். ஆயினும் பழுதுபார்க்கும் வேலை ஊராரின் கைக்கு எட்டியது. ஸ்பானர் எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவுக்குப் பம்பின் ஆயுள் கூடும் என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடம்.

நமது வண்டல் பூமியில்

டெல்டாவில் பல இடங்களில் நீர் மேலாகவே கிடைப்பதால், சிறிய உறிஞ்சு பம்புகளே மிகுதி. வாஷரும் பிஸ்டனும் தரைக்கு மேலேயே இருப்பதால் பழுது பார்ப்பது எளிது, விலையும் குறைவு. ஆனால் இவை காற்றின் அழுத்தத்தைக் கொண்டு நீரை ஏற்றுவன. நடைமுறையில் சுமார் 7 மீட்டருக்குக் கீழ் உள்ள நீரை இவற்றால் எடுக்க இயலாது. மேட்டூர் அணை ஜூன் 12-க்குப் பதிலாகச் செப்டம்பர் 20-ல் திறக்கப்பட்டு, பருவமழையும் பொய்த்த 2016 போன்ற ஆண்டில் நீர்மட்டம் அந்த எல்லைக்குக் கீழே தாழுமாயின், பம்பில் கோளாறு இன்றியே நீர் நின்றுவிடும். அப்போது வாஷரை மாற்றிப் பயனில்லை. சிலிண்டரை நீருக்குள் இறக்கும் ஆழ்கிணற்றுப் பம்பு தெருவுக்கு ஒன்றேனும் இருத்தல் நலம்.

காலையில் தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் பம்பு பிடிக்கிறது என்றால், வால்வு ஒழுகுகிறது என்று அறிக. அவ்வாறு ஊற்றுவது குட்டை நீராயின், நோயை நாமே குழாய்க்குள் செலுத்துகிறோம். நீரோடு மணல் வந்தால் வாஷர் விரைவில் தேயும். கடலோரக் கிராமங்களில் நீர் உவர்க்கத் தொடங்கினால், நீரைப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகே மேற்கொண்டு செலவு செய்ய வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியது

தனி ஒருவர் பம்பைக் காக்க முடியாது. எல்லோருக்கும் பொது என்று விட்டால் ஒருவரும் காக்கமாட்டார். இவ்விரண்டுக்கும் நடுவிலே நிற்பதுதான் கூட்டுறவு. சந்தா வசூலிப்பதும், கணக்கு எழுதுவதும், பொதுச் சபையில் கணக்கை வாசிப்பதும் நமக்குப் புதியன அல்ல.

ஒரு பம்பை நம்பி ஐம்பது குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் பத்து ரூபாய் எனில் ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் சேரும். இதனைத் தனிக் கணக்கில் வைத்து, வாஷர், வால்வு, போல்ட், சங்கிலி ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கிச் சங்க அலுவலகத்தில் இருப்பு வைக்கலாம். ஊராட்சியோடு கலந்து, தெருவுக்கு இருவரைப் பழுதுபார்க்கப் பழக்கலாம். அவ்விருவரும் பெண்களாக இருத்தல் சாலச் சிறந்தது. பம்பு நின்றால் முதலில் துன்புறுவோர் அவர்களே. ராஜஸ்தானத்துத் திலோனியா போன்ற இடங்களில் பெண்கள் பம்பு மிஸ்திரிகளாகத் திறம்படப் பணியாற்றியுள்ளனர். அவர்கள் உழைப்புக்கு ஊதியம் கொடுப்பதும் அவசியம். தர்மத்துக்குச் செய்யும் வேலை நெடுநாள் நடவாது.

நம் அங்கத்தினர்களுக்கு மேலும் இரண்டு விண்ணப்பங்கள். நெசவாளர்கள் சாயம் தோய்த்த நூலையும் கஞ்சிப் பாத்திரத்தையும் பம்பு மேடையில் அலசலாகாது. விவசாயிகள் பூச்சிமருந்து தெளிப்பானை அங்கே கழுவலாகாது. மேடையில் விரிசல் கண்டால் உடனே சிமெண்டுப் பூச வேண்டும். கழிவுநீர் தேங்காமல் ஓடக் கால்வாய் வேண்டும். மேலே கொட்டியது விரிசல் வழியே இறங்கி மறுநாள் குடத்தில் ஏறும்.

குடிமராமத்து என்பது நம் மண்ணுக்குரிய சொல். வாய்க்கால் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் சென்ற வழக்கம், அரசாங்கம் சொல்லி வந்ததன்று. நீர் வராவிடில் நெல் இல்லை என்ற அறிவினால் வந்தது. அவ்வறிவு அடிபம்புக்கும் பொருந்தும். அடுத்த பொதுச் சபையில் ஒவ்வொரு சங்கமும் தன் எல்லையிலுள்ள பம்புகளை எண்ணி, ஓடுவன எத்தனை, நின்றவை எத்தனை என்று ஒரு பட்டியல் வைக்குமாயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.