அக்காள் விட்டுப்போன அலமாரி

ஒலிபெருக்கியை அலறவிட்டுக்கொண்டு தாமான் தாமானாக வரும் பழஞ்சாமான் லாரியை வாசகர்கள் நன்கு அறிவார்கள். பழைய பேப்பர், துருப்பிடித்த இரும்பு, ஓடாத காற்றாடி, காலொடிந்த நாற்காலி, எதைக் கொடுத்தாலும் ஏற்றிக்கொள்ளும். தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவு விலை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் குடியேறிய நம் மக்களின் பாட்டன் பாட்டி காலத்துச் சாமான்களில் பாதி அந்த லாரியில்தான் போயிருக்கும். ஜாசின் பக்கம் நம் வீட்டு வாசலிலும் அது வந்து நின்றது. அடுப்படி மூலையில் கிடந்த ஒரு பழைய சாப்பாட்டு அலமாரிக்கு 80 வெள்ளி தருவதாக லாரிக்காரர் சொன்னார். நாமும் சரியென்று தலையாட்டிவிட்டோம். உள்ளேயிருந்து நம் தாயார் போட்ட சத்தத்தில் லாரிக்காரர் இரண்டடி பின்வாங்கினார்.

“அது நம்ம சாமான் இல்லடா! அக்கா வச்சிருக்கச் சொல்லிட்டுப் போனது. அதை விக்கிறதுக்கு நீ யாரு?”

இளைய தலைமுறைக்குச் சாப்பாட்டு அலமாரி என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். மேலே இரண்டு கதவுகள். மரச் சட்டத்தில் கம்பிவலை அடித்திருக்கும். காற்று போகும்; ஈயும் பூனையும் போகா. கீழே பலகைக் கதவு போட்ட இன்னோர் அறை. நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாக்களில் நிறுத்தி வைப்பார்கள், எறும்பு ஏறாது. லயத்து வீடுகளுக்கு மின்சாரம் வராத காலத்தில் ஐஸ்பெட்டி ஏது? விடியுமுன் எழுந்து ஆக்கிய சோறும் குழம்பும், பால்வெட்டு முடிந்து நம்மவர்கள் திரும்பும்வரை அதற்குள்தான் காத்திருந்தன. நம் வீட்டு அலமாரியைச் செய்தவர் தோட்டத்துத் தச்சர். மெரந்திப் பலகை. ஆணி குறைவு; துளையில் நாக்கைச் செருகி இறுக்கிய வேலை.

பெர்மிட் கிடைக்காத குடும்பம்

அக்காள் என்று தாயார் சொன்னது உடன்பிறந்தவரை அல்ல. லயத்தில் அடுத்த வீட்டுக்காரர்.

1968ஆம் ஆண்டில் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969 முதல் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்ற நிலை ஏற்பட்டது. இந்த மண்ணில் காடழித்து, கித்தா வைத்து, பால் வெட்டி, பிள்ளை பெற்று, பெற்றோரைப் புதைத்த தோட்டப் பாட்டாளிகளில் பலர் அப்போது சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள். குடியுரிமைக்கு மனுச் செய்யக் காலத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொன்னபோது கையில் பத்திரம் இல்லை. அந்தச் சில ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் கப்பலேறினார்கள்.

அந்த அக்காள் குடும்பமும் 1970இல் புறப்பட்டது. பிள்ளைகள் மூவரும் இங்கே பிறந்தவர்கள். ஊர் என்பதைக் கதையில் மட்டுமே கேட்டவர்கள். ரஜூலா கப்பலில் இடம் கிடைத்தது. 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நம்மவர்களைச் சுமந்து திரிந்த அதே ரஜூலா. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் போகிறவர்கள் தகரப் பெட்டியும் துணி மூட்டையும் கொண்டு போகலாம். அலமாரியை எப்படிக் கொண்டு போவது?

தாயாருக்கு அப்போது இருபது வயது. கல்யாணமாகி வந்த புதுசு. வீட்டில் சாமான் என்று சொல்ல ஒன்றுமில்லை. “வச்சிரு தங்கச்சி. காலு டப்பாவுல தண்ணி வத்தாம பாத்துக்க. நாங்க எப்படியும் திரும்பி வந்துருவோம்,” என்று சொல்லிவிட்டு அக்காள் லாரியில் ஏறினாராம். ஊரிலிருந்து இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது வரவில்லை.

தோட்டத்தில் கித்தா போய்ச் செம்பனை வந்தது. லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்போதும் தாயார் அந்த அலமாரியை லாரியில் முதலில் ஏற்றச் சொன்னார். இந்தக் கதையெல்லாம் அரைகுறையாகக் காதில் விழுந்ததுதான். பழஞ்சாமான் லாரி வந்து நின்ற அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டோம். வெட்கமாக இருந்தது. விற்பதில்லை, சீர் செய்து வைப்பது என்று நாமும் தங்கையும் முடிவு செய்தோம்.

சீர் செய்த கதை

வேலையைத் தொடங்குமுன் தச்சு தெரிந்த ஒரு பெரியவரைக் கேட்டோம். அவர் முதலில் சொன்னது: “பழைய பெயிண்டைக் காய்ந்தபடி உரசாதே. நெருப்பு வைத்தும் உரிக்காதே.” காரணம் இருக்கிறது. அந்தக் காலத்துப் பெயிண்டில் காரீயம் கலந்திருக்கும். உரசும்போது பறக்கும் தூள் மூச்சில் போகும், கையில் ஒட்டும், தரையில் தவழும் குழந்தையின் வாயில் போகும். குழந்தைகளின் மூளையைக் காரீயம் கெடுக்கும். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே அலமாரியை வெளியே கொண்டுபோய், பிள்ளைகளை அப்பால் அனுப்பி, மூக்கை மூடிக்கொண்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தோம். வழிந்த சகதியைப் பழைய பேப்பரில் வழித்து, பையில் கட்டி எறிந்தோம். உடுத்திய துணியைத் தனியாகத் துவைத்தோம். இதில் மட்டும் யாரும் சோம்பல்படக்கூடாது.

பலகையில் பூச்சி இருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. அலமாரியின் கீழே வெள்ளைத் தாளை விரித்து இரண்டு நாள் வைக்க வேண்டும். மாவு போன்ற தூள் விழுந்தால் உள்ளே பூச்சி உயிரோடு இருக்கிறது. மருந்து விட்டபிறகே மற்ற வேலை. நம் அலமாரியில் தூள் விழவில்லை. ஆனால் எறும்புக்காகத் தண்ணீரில் நின்ற கால்களில் ஒன்று இரண்டு அங்குலம் உளுத்துப் போயிருந்தது. நான்கு கால்களையும் சமமாக அறுத்துவிடலாம் என்றார் ஒருவர். தாயார் ஒப்பவில்லை. உளுத்ததை மட்டும் சாய்வாக அறுத்து, புதுத் துண்டு ஒட்டுப்போட்டோம்.

அந்தத் துண்டு எந்த மரம் தெரியுமா? கித்தா மரம். பால் வற்றிய கித்தா மரத்தை முன்பெல்லாம் புகைக்கூண்டுக்கும் செங்கல் சூளைக்கும் விறகாக எரித்தார்கள். அறுத்துப் போட்டால் நீலம் பாரிக்கும், பூச்சி அரிக்கும் என்று ஒதுக்கிய மரம் அது. போரான் மருந்தை ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பின், அதே மரம் மேசையாகவும் நாற்காலியாகவும் கப்பலேறுகிறது. பக்கத்து மாநிலத்து மூவாரில் தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே வேலை செய்யும் உறவினர் கழிவுத் துண்டொன்று கொண்டுவந்து கொடுத்தார்.

ஆடிப்போன மூட்டுகளில் ஆணி அடிக்கும் அவசரம் எல்லாருக்கும் வரும். அடிக்கக்கூடாது, பலகை பிளந்துவிடும். மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, தச்சர் பசை வைத்து, சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றி ஓர் இரவு விட்டால் போதும். கீல்களை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கம்பித் தூரிகையால் தேய்த்தோம். வலை மட்டும் புதிது.

கதவுக்குப் பின்னால்

கீழ்க்கதவின் உட்பக்கத்தில் பழைய காலண்டர் தாள்களை ஒட்டி வைத்திருந்தார்கள். ஈரத்துணி வைத்து மெல்ல உரித்தபோது, பெயிண்ட் படாத வெறும் பலகையில் பென்சில் எழுத்துத் தெரிந்தது. தங்கைதான் முதலில் பார்த்தாள். கையை நிறுத்தச் சொன்னாள்.

மூன்று பெயர்கள். பெயருக்கு எதிரே ஆண்டும் மாதமும்: 1958 தை, 1961 ஆடி, 1964 கார்த்திகை. அதற்குக் கீழே, “கடைக்குப் பாக்கி 14 வெள்ளி.” அவ்வளவுதான்.

தாயாரைக் கூட்டிவந்து காட்டினோம். எழுத்துக்கூட்டிப் படித்தார். “இது அண்ணன் எழுத்து. இந்தச் சின்னவளை நான்தான் ஆயாக்கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போவேன். போகும்போது ஆறு வயசுகூட முடியல,” என்றார். பிறகு எதுவும் பேசவில்லை.

தங்கை அடுப்படிக்குப் பொருத்தமாக வெள்ளை அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. முன்பிருந்த பச்சையே அடித்தோம். மழையில்லாத காலை நேரமாகப் பார்த்து, அடிப்பூச்சு ஒன்று, மேற்பூச்சு இரண்டு, மெல்லிதாக, பூச்சுக்குப் பூச்சு ஒரு நாள் விட்டு. சாப்பாடு வைக்கும் உட்பக்கத்தில் பெயிண்ட் போடவில்லை. அந்த எழுத்துள்ள இடத்தை அப்படியே விட்டு, மேலே கண்ணாடித்தாள் வைத்து நான்கு மூலையிலும் சிறிய ஆணி அடித்தோம். வார்னிஷ் பூசினால் தூரிகை பென்சிலை இழுத்துவிடும் என்று பெரியவர் எச்சரித்திருந்தார்.

நமக்கு எது அருங்காட்சியகம்?

மலாக்கா பட்டணத்தில் ஹீரேன் தெரு என்று முன்பு சொன்ன துன் டான் செங் லோக் தெருவுக்குப் போனால், பாபா குடும்பம் ஒன்றின் வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. முத்துச்சிப்பி பதித்த கருமர நாற்காலிகளைச் சுற்றுலாப் பயணிகள் கட்டணம் கட்டிப் பார்க்கிறார்கள். காஜா பேராங்கில் நம் மலாக்கா செட்டி மக்களும் தங்கள் முன்னோர் சாமான்களைச் சேர்த்து ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். 2008இல் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் உலகப் பாரம்பரிய நகரங்களாயின. பாராட்ட வேண்டியதுதான்.

ஆனால் இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சே யான் கித்தா நட்டு, பின்னர் புக்கிட் ஆசாஹானில் பெருந்தோட்டம் போட்டதிலிருந்து அந்தத் தொழில் வளர்ந்தது. அதில் உழைத்தவர்களின் சாப்பாட்டு அலமாரி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது? லயங்களை இடித்துவிட்டார்கள். நம் வீட்டு அடுப்படிதான் நமக்கு அருங்காட்சியகம். நாம் காக்காவிட்டால் வேறு யாரும் காக்கப் போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சங்க வேலையாகப் போகும் இடங்களில் பிறப்புப் பத்திரம் இல்லாமல், அடையாளக் கார்டு இல்லாமல் தவிப்போரை இன்றும் பார்க்கிறோம். அலமாரித் தட்டில் விரித்த தாளுக்கு அடியில், மேசை இழுப்பறைக்குப் பின்னால், தகரப் பெட்டியின் அடித்துணியில் நம் பெரியவர்கள் பத்திரங்களைச் செருகி வைப்பது வழக்கம். ஆஸ்பத்திரிக் கார்டு, பள்ளிக்கூடச் சான்று, பழைய சம்பளச் சீட்டு, இவற்றில் ஒன்று கிடைத்தாலும் பதிவு இலாகாவில் மனுச் செய்யும்போது பேச ஒரு பிடி கிடைக்கும். எழுதி வைத்த ஒரு தேதிகூட, எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டுப் பதிவைத் தேடுவது என்று வழி காட்டும்.

ஆகவே அன்பர்களே, அடுத்த முறை அந்த லாரி வாசலில் வந்து நின்றால், நாளைக்கு வா என்று சொல்லுங்கள். அன்று இரவு சாமானைக் காலி செய்து, தாளை உரித்து, புரட்டிப் பாருங்கள். பெரியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, இது யாருடையது, எப்படி வந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அதற்குப் பிறகும் கொடுப்பதானால் கொடுங்கள்.

அலமாரி இப்போது நம் வீட்டில் பச்சை நிறத்தில் நிற்கிறது. கால்களை டப்பாவில் நிறுத்தவில்லை. தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளச் சொன்ன அக்காளின் சொல்லை மீறிவிட்டதாகத் தாயாருக்கு அதில் மட்டும் ஒரு குறை. அந்த மூன்று பிள்ளைகளில் யாராவது ஒருவர் என்றைக்காவது வந்து கேட்டால், எடுத்துக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.